பழைய பலகை மேல் புதிய பார்க்கெட்: எதைப் போடலாம், எதை விடலாம்

லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ பழைய வரிசை வீடு வாங்குகிறவர்கள் சாவி கைக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன கம்பளத்தை உரித்து எறிவது. அடியில் பைன் பலகைகள் தெரியும். நூறு வயதைத் தாண்டியவை. பல வீடுகளில் சுவரோரமாக ஒரு முழ அகலத்துக்குக் கருஞ்சாயம் பூசியிருக்கும், நடுவில் வெறும் மரம். அந்தக் காலத்தில் அறையின் நடுவில் மட்டும் விரிப்புப் போட்டார்கள், வெளியே தெரிகிற ஓரத்துக்கு மட்டும் சாயம் தீட்டினார்கள்.

அடுத்த வாரமே கடைக்குப் போய் ஓக் வேண்டுமா வால்நட் வேண்டுமா, மீன்முள் வரிசையா பட்டை வரிசையா என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். என் கட்சி வேறு. மரத்தின் நிறம் கடைசியாகத் தீர்மானிக்க வேண்டியது. எந்த வகை பார்க்கெட் (மரத்துண்டுத் தரை) போடலாம் என்பதையும், போடலாமா என்பதையுமே கீழே கிடக்கிற பழைய பலகைதான் சொல்லும்.

முதலில் ஒரு பலகையைத் தூக்குங்கள்

தரைத்தள அறையில், வெளிச்சுவரை ஒட்டி ஒரு பலகையைக் கிளப்பி டார்ச் அடித்துப் பாருங்கள். பலகைக்குக் கீழே ஏறத்தாழ 400 மி.மீ.க்கு ஒன்றாக ஜாய்ஸ்ட் எனப்படும் தாங்குசட்டங்கள் ஓடும். அவற்றுக்குக் கீழே வெற்றிடம். சுவரின் வெளிப்பக்கம் ஓட்டையுள்ள செங்கல்கள் பதித்திருப்பார்கள். காற்று அவற்றின் வழியாக உள்ளே வந்து, எதிர்ச்சுவரின் ஓட்டை வழியாக வெளியேறும். இந்தக் காற்றோட்டம் இருக்கிறவரை சட்டமும் பலகையும் காய்ந்திருக்கும்.

இப்போது வெளியே போய் அந்தச் செங்கல்களைத் தேடுங்கள். கார் நிறுத்துவதற்காக முன்வாசல் தோட்டத்துக்குக் காங்கிரீட் போட்ட வீடுகளில் பாதிச் செங்கல் மண்ணுக்குள் போயிருக்கும், அல்லது எறும்பு வருகிறதென்று யாரோ சிமெண்ட் பூசி அடைத்திருப்பார்கள். அதைத் திறக்காமல் மேலே விலையுயர்ந்த மரம் போட்டால், கீழிருந்து ஏறுகிற ஈரத்தில் மரத்தின் அடிப்பக்கம் உப்பி, ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். பழைய பலகைகளுக்கு இடையே இருந்த சந்துகள் வழியாகத் தப்பித்துக்கொண்டிருந்த ஈரத்துக்கு இனி வழியில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜாய்ஸ்டின் நுனி சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் ‘டொக்’ என்று நிற்கும். வெண்ணெயில் இறங்குவதுபோல் முனை இறங்கினால் உளுத்துவிட்டது. முதலில் தச்சரைக் கூப்பிடுங்கள், பார்க்கெட்காரர் காத்திருக்கட்டும். குண்டூசித் தலை அளவு துளைகளும் அவற்றின் கீழே புதிய மாவுத்தூளும் இருந்தால் வண்டு இன்னும் வேலை செய்கிறது. துளை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பெரும்பாலும் பழைய கதை.

ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. ஹீட்டிங் ஓடுகிற வீட்டில் பலகை 8 முதல் 12 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். 16, 18 என்று காட்டினால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை எந்த மரத்தையும் வாங்காதீர்கள்.

பிறகு வெறுங்காலோடு, கையில் ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு அறை முழுக்க அடி அடியாக நடங்கள். எங்கே ‘கிரீச்’ என்கிறதோ அங்கே ஒரு வட்டம். பழைய வெட்டாணியின் பிடி தளர்ந்து, பலகை ஆணியில் ஏறி இறங்கி உரசுகிற சத்தம் அது. அந்த இடத்தில் பலகையை ஜாய்ஸ்டோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் சத்தம் செத்துவிடும். பார்க்கெட் ஒட்டிய பிறகு அந்தச் சத்தம் அடியில் மாட்டிக்கொள்ளும், வாழ்நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மூடாமலே விடுவது

யோசிக்காமல் நாம் தள்ளிவிடுகிற வழி இது. பலகைகள் நேராக, உளுக்காமல், பெரிய ஒட்டுப்போடுதல் இல்லாமல் இருந்தால் அவற்றையே இழைத்து எண்ணெயோ வார்னிஷோ பூசலாம். மெதுவாக வளர்ந்த பழைய பைனின் நெருக்கமான ரேகை இன்று கடையில் கிடைக்கிற பைனில் இல்லை. தரை உயராது, கதவை அறுக்க வேண்டாம், செலவும் எல்லா வழிகளையும்விடக் குறைவு.

குறைகளும் உண்டு. தரைத்தளத்தில் சந்து வழியாகக் குளிர்காற்று கணுக்காலைத் தடவும். மேல்மாடியானால் சத்தம் அப்படியே கீழே இறங்கும். ஓரச் சாயத்திலும் பழைய பெயின்ட்டிலும் ஈயம் இருக்கலாம். 1970களுக்கு முந்தைய பூச்சு என்று சந்தேகம் வந்தால், சோதனைப் பட்டி வாங்கி உரசிப் பார்க்காமல் இழைப்பு எந்திரத்தை ஓட்டாதீர்கள். ஈயத்தூள் குழந்தைகளுக்கு நஞ்சு.

பலகைகளில் பாதிக்குமேல் வெட்டி ஒட்டியவையாக இருந்தால் இந்த வழியை விட்டுவிடலாம். சென்ட்ரல் ஹீட்டிங் குழாய் போட்டவர், வயர் இழுத்தவர், காஸ் இணைப்பு கொடுத்தவர் என்று ஒவ்வொருவரும் அவரவர் இஷ்டத்துக்கு அறுத்திருப்பார்கள். அப்படிப்பட்ட தரைக்குத்தான் பார்க்கெட் நியாயம்.

மூன்று பார்க்கெட்டுகள்

முதலாவது, முழுக்க ஒரே மரத்தாலான கெட்டிக் கட்டை. 18 முதல் 22 மி.மீ. கனம், சுமார் 70 மி.மீ. அகலம். சின்னச் சின்னத் துண்டுகளாகப் போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மரம் நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் சுருங்கி விரியும். துண்டு சிறியதென்றால் ஒவ்வொன்றின் அசைவும் சிறியது. குளிர்காலத்தில் ஹீட்டிங் காற்றை வறட்டும்போது ஓரிரு பெரிய வெடிப்புக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத நூறு கீறல்கள் விழும், கோடையில் மூடிக்கொள்ளும். ஒழுங்காகப் போட்டால் பலமுறை இழைத்து ஐம்பது, நூறு வருடம் ஓட்டலாம்.

இதில் ஒரு கிளைவழி, இடித்த பள்ளிக்கூடங்களிலிருந்தும் மண்டபங்களிலிருந்தும் பெயர்த்தெடுத்து விற்கிற பழைய கட்டைகள். பர்மா தேக்கும் ஆப்பிரிக்க இரோகோவும் இப்படிக் கிடைக்கும். இன்று புதிதாக வாங்க முயன்றால் கட்டுப்படியாகாத மரங்கள். ஆனால் அடியில் கறுப்புத் தார் ஒட்டியிருக்கும், ஒவ்வொரு கட்டையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தத் தார்ப்பசையில் சிலவற்றில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. பிரிட்டன் அதை முழுமையாகத் தடைசெய்தது 1999இல்தான். எனவே ஒரு துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பதில் வரும்வரை சுரண்டவும் கூடாது, இழைக்கவும் கூடாது. பொறுமையும் இடமும் கராஜும் இருக்கிறவர்களுக்கான வழி இது.

இரண்டாவது, என்ஜினியர்டு. மேலே நிஜமான ஓக், அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய மலிவு மர அடுக்குகள். ஓர் அடுக்கு விரிய முயன்றால் குறுக்கே இருக்கிற அடுக்கு பிடித்துக்கொள்ளும். மூன்றடுக்குத் தரைப்பலகைக்கு சுவீடனின் கேர்ஸ் நிறுவனம் 1941இல் காப்புரிமை வாங்கியது. இன்று சந்தையில் பெரும்பகுதி இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது. கனம் பெரும்பாலும் 14, 15 மி.மீ. கடைக்காரர் மொத்தக் கனத்தைச் சொல்வார், நீங்கள் கேட்க வேண்டியது மேலடுக்கின் கனம். 3, 4 மி.மீ. ஓக் இருந்தால் இரண்டு மூன்று முறை இழைக்கலாம். அரை மில்லி, ஒரு மில்லி என்றால் அது தாள் கனம், ஒருமுறை கீறினால் கீறினதுதான். விலை வித்தியாசத்தின் ரகசியம் அநேகமாக இங்கேதான்.

மூன்றாவது, இதே என்ஜினியர்டு பார்க்கெட்டைப் பசை போட்டு ஒட்டாமல், ஒன்றோடொன்று மாட்டி, அடியில் நுரைவிரிப்பின் மேல் மிதக்கவிடுவது. வார இறுதியில் நீங்களே செய்து முடிக்கலாம். பின்னாளில் குழாய் கசிந்தால் கழற்றலாம். நடந்தால் கொஞ்சம் ‘தொம் தொம்’ என்று பொள்ளல் சத்தம் வரும், காலடியில் லேசான நெகிழ்வு இருக்கும். மீன்முள் வரிசையை மிதக்கவிட்டால் இணைப்புகளின் எண்ணிக்கை அதிகம். அதனால் கீழே மேடுபள்ளத்தை அது கொஞ்சமும் பொறுக்காது.

லாமினேட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது மரத்தின் புகைப்படம். வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு வேண்டுமானால் போடுங்கள்.

நடுவில் வரவேண்டிய பிளைவுட்

இந்த வேலையில் பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் எதுவென்றால், பழைய பலகைக்கும் புதிய பார்க்கெட்டுக்கும் நடுவே வருகிற பிளைவுட். பார்க்கெட்டைப் பலகை மேலேயே நேராக ஒட்டினால் முதல் குளிர்காலத்திலேயே பலகைகள் சுருங்கும். ஒவ்வொரு பலகைச் சந்துக்கும் நேர் மேலே பார்க்கெட்டில் ஒரு கோடு பிளக்கும். நூறு வருடமாகத் தனித்தனியாக அசைந்து பழகிய பலகைகள் உங்கள் புதுத்தரைக்காக அசைவை நிறுத்தாது. பிளைவுட் அவற்றை ஒரே தகடாகக் கட்டிப்போடுகிறது, மேடுபள்ளத்தையும் ஓரளவு சமன்செய்கிறது.

என்ஜினியர்டுக்கு 9 முதல் 12 மி.மீ., கெட்டிக் கட்டைக்கு 12 முதல் 18 மி.மீ. வெளிப்புற உபயோகத்துக்கான தரமாக இருக்கட்டும். ஹார்ட்போர்டு போதும் என்பார்கள். மிதக்கும் தரைக்கு அடியில் சமாளிக்கலாம். ஒட்டுகிற தரைக்குக் கூடாது, பார்க்கெட் இழுக்கும்போது ஹார்ட்போர்டின் மேல்தோல் உரிந்து வந்துவிடும். தகடுகளின் மூட்டுகள் ஒரே நேர்கோட்டில் வராதபடி செங்கல் கட்டுவதுபோல் தள்ளி வையுங்கள், தகட்டுக்குத் தகடு இரண்டு மூன்று மில்லி இடைவெளி விடுங்கள், 150 மி.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ என்று தகடு முழுக்கவும் அடியுங்கள், ஓரத்தில் மட்டும் போதாது. பிறகு இரண்டு மீட்டர் நேர்ப்பட்டை ஒன்றை நாலா பக்கமும் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மில்லிக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் மேட்டை இழைத்து, பள்ளத்தை நிரப்ப வேண்டும்.

ஸ்க்ரூவின் நீளத்தில் ஒரு எச்சரிக்கை. வரிசை வீடுகளில் ஹீட்டிங் குழாயும் காஸ் குழாயும் ஜாய்ஸ்டின் தலையில் வெட்டிய பள்ளத்தில், பலகையின் அடிவயிற்றை ஒட்டியே ஓடும். 12 மி.மீ. பிளைவுட், 20 மி.மீ. பலகை, மொத்தம் 32. ஸ்க்ரூ 25, 30க்கு மேல் போகக் கூடாது. 40 மி.மீ. ஸ்க்ரூ கையில் இருக்கிறதே என்று அடித்தால் செப்புக்குழாயில் போய் நிற்கும். அதைவிட மோசமானது, ஸ்க்ரூவே அடைப்பாக நின்று, கசிவு மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வெளியே தெரியாமல் போவது. பலகைகள் திறந்திருக்கும்போதே குழாய், வயர் போகிற பாதையை அளவு நாடாவோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளமானால் ஜாய்ஸ்டுகளுக்கு நடுவே குளிர்தடுப்புப் பஞ்சு அடைக்கவும் இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். பஞ்சு ஓட்டைச் செங்கலை மறைக்கக் கூடாது.

உயரக் கணக்கையும் போடுங்கள். 12 பிளைவுட், 15 பார்க்கெட், பசை எல்லாம் சேர்ந்து மூன்று சென்டிமீட்டரை நெருங்கும். கதவின் அடியை அறுக்க வேண்டும். ஹாலுக்கும் நடைக்கும் நடுவே ஒரு படி உருவாகும், வயதானவர்களின் கால் விரல் அதில்தான் இடிக்கும். நடை முழுக்கப் போட்டால் மாடிப்படியின் முதல் படி மற்ற படிகளைவிடக் குட்டையாகிவிடும், இருட்டில் இறங்குகிறவர் தடுமாறுவார். இது ஒத்துவராது என்றால் இன்னொரு வழி: பலகைகளையே முழுக்கப் பெயர்த்துவிட்டு, ஜாய்ஸ்டின் மேல் நேரடியாக 18 மி.மீ. அல்லது அதற்கும் கனமான பிளைவுட் போடுவது. தகட்டின் எல்லா விளிம்பும் சட்டத்தின் மேல் உட்கார வேண்டும், இல்லாத இடத்தில் குறுக்குக்கட்டை அடிக்க வேண்டும். வேலை கூடும், ஆனால் தரை உயர்வது ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மோசமாக வெட்டுப்பட்ட பலகைகள் உள்ள வீட்டுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

மரத்தைப் போடப்போகிற அறையிலேயே முன்கூட்டி வைத்துப் பழக்குங்கள். என்ஜினியர்டுக்கு இரண்டு நாள், கெட்டி மரத்துக்கு ஒரு வாரம் இரண்டு வாரம். பெட்டியில் தயாரிப்பாளர் எழுதியிருப்பது எதுவோ அதுவே முடிவு. சுவரைச் சுற்றி 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங் பலகையால் மறைக்க வேண்டும். பசை இழுத்தால் நீள்கிற வகையாக இருக்கட்டும், இறுகிக் கல்லாகிறதாக இருக்கக் கூடாது.

மீன்முள் வரிசையை ஒரு சுவரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பழைய வீட்டில் எந்தச் சுவரும் நேரில்லை, கணப்பு மேடை அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும், முன்பக்கம் ஜன்னல் வளைவு. அறைக்குள் நுழைந்ததும் கண் எந்தத் திசையில் போகிறதோ அந்த வாக்கில் நடுக்கோடு ஒன்று இழுத்து, முதல் இரண்டு வரிசையை ஒட்டி இறுகவிட்டு, அதிலிருந்து இருபக்கமும் போக வேண்டும். முதல் வரிசையில் ஒரு மில்லி சாய்ந்தால் சுவரைத் தொடும்போது அது விரற்கடையாகியிருக்கும். சுற்றி ஒரு கரைப்பட்டை போட்டால் கோணல் சுவர் கண்ணில் படாது. வெட்டிக் கழிவதற்கு 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள்.

மஞ்சளும் தண்ணீரும்

மேல்பூச்சைத் தேர்வதில் நம் வீட்டுப் புழக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆங்கில வழிகாட்டிகள் செருப்புக் குதிகாலையும் நாய் நகத்தையும் பற்றிக் கவலைப்படும். நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது, அந்த மட்டும் மரத்துக்கு அதிர்ஷ்டம். நமக்கு வேறு எதிரிகள்: குழம்புக் கிண்ணம், விளக்கெண்ணெய், வெள்ளிக்கிழமை தோறும் வாளித் தண்ணீரோடு தரை துடைக்கும் பழக்கம்.

எண்ணெய்ப் பூச்சு மரத்துக்குள் ஊறி நிற்பது. பார்க்க இயல்பாக இருக்கும். கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். ஆனால் வெளிர் ஓக்கில் மஞ்சள்தூள் கலந்த எண்ணெய் விழுந்து உடனே துடைக்காவிட்டால் கறை உள்ளே போய்விடும். லாக்கர் மேலே ஒரு படலமாக நிற்பது. மஞ்சளையும் தண்ணீரையும் நன்றாகத் தாங்கும். தேய்ந்துபோனால் ஒரு மூலையை மட்டும் சரிசெய்ய முடியாது, அறை முழுக்க இழைக்க வேண்டும். சாப்பாட்டு மேசை இருக்கிற அறைக்கும் சமையலறைக்கும் மங்கல் லாக்கர், படுக்கையறைக்கு எண்ணெய் என்பது என் தேர்வு. சாமி விளக்கின் அடியில் எந்தப் பூச்சானாலும் ஒரு தாம்பாளம் வேண்டும்.

ஆனால் வாளித் தண்ணீரிலிருந்து எந்தப் பூச்சும் காப்பாற்றாது. வெர்சாய் அரண்மனையில் 1684இல் பளிங்கை அகற்றிவிட்டு மரப் பார்க்கெட் போட்டார்கள். ஓயாமல் கழுவிய தண்ணீர் இறங்கி அடியிலிருந்த மரச்சட்டங்களை உளுக்க வைத்தது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பிழிந்து ஈரப்பதம் மட்டும் இருக்கிற துணியால் துடைத்தால் போதும். நீராவித் துடைப்பான் வேண்டவே வேண்டாம். குளியலறையில் பார்க்கெட் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

யாருக்கு எது

ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் மரம் பார்க்கும் முன் குத்தகைப் பத்திரத்தைப் பாருங்கள். லண்டனில் பல பத்திரங்கள் மேல்மாடியில் கம்பளமில்லாத தரையைத் தடைசெய்கின்றன, அல்லது நிலச் சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்கின்றன. கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் போட்டதைப் பெயர்க்க வேண்டிவரும். சம்மதம் கிடைத்தால் ஃபிளாட்டுக்கு மிதக்கும் என்ஜினியர்டும், ஒலியடக்கும் விரிப்பும்தான் பொருத்தம்.

ஐந்தாறு வருடத்தில் விற்றுவிட்டு ஹாரோ, வெம்பிளி பக்கம் பெரிய வீட்டுக்குப் போகிற எண்ணமிருந்தால், பலகை நன்றாக இருக்கிறவரை அதையே இழைத்துப் பூசுங்கள். பிள்ளைகள் வளர்ந்து பேரப்பிள்ளை வரும்வரை இதே வீடு என்றால், பிளைவுட் மேல் ஒட்டிய என்ஜினியர்டு, மேலடுக்கு 4 மி.மீ.க்குக் குறையாமல். பெரும்பாலான வரிசை வீடுகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். கெட்டிக் கட்டை அதைவிட அழகாக முதுமை அடையும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் போடத் தெரிந்த கை வேண்டும், மேல்பூச்சு வேலை தளத்திலேயே நடக்கும், அதுவரை வீட்டைக் காலி செய்து வைக்க வேண்டும்.

வேலைக்கு ஆள் பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: ஈரம் அளந்து பார்ப்பீர்களா, பிளைவுட் எத்தனை மில்லி, ஸ்க்ரூ எவ்வளவு நீளம். பதில் எழுத்தில் வரட்டும். “இதெல்லாம் தேவையில்லை, பலகை மேலேயே பசை போட்டு ஒட்டிவிடலாம், பாதி விலையில் முடித்துத் தருகிறேன்” என்கிறவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள், வேலையைக் கொடுக்காதீர்கள்.